பெரிய கொடுவா தாய் மீன்

சின்ன மீனை விடு, பெரிய மீனைப் பிடி என்பது மீன்வளம் பற்றிப் பேசுகிற எவரும் சொல்லும் முதல் பாடம். ஒரு முறையாவது முட்டையிட்டு இனம் பெருக்க அந்த மீனுக்கு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்பது அதன் நியாயம். கேரளத்தில் மத்தி, அயிலை தொடங்கிப் பல மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திக்கு அந்தப் பாடம் நன்றாகப் பொருந்தும். கொடுவாவுக்கு அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாவிட்டால், விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டே அந்த இனத்தை அழித்துவிட முடியும்.

கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆசிய நீர்களில் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை உள்ளவை பெரும்பாலும் ஆண்கள். நான்கு முதல் ஆறு கிலோவைத் தொடும்போது பெரும்பாலானவை பெண்களாகியிருக்கும். ஆணாக விந்து விட்ட ஒரு பருவம் முடிந்த கையோடு விந்தகத் திசு சிதைந்து, அதே இடத்தில் சினைப்பைத் திசு வளர்கிறது. இதை நோய் என்றோ, நீர் மாசுபட்டதால் வந்த கேடு என்றோ நினைத்துவிடக் கூடாது. இந்த இனத்தின் இயல்பான வாழ்க்கை முறையே இதுதான். எல்லா மீனும் ஒரே வயதில் மாறுவதில்லை. இடத்துக்கு இடம் எடையும் வயதும் வேறுபடும். ஆசியக் கரையோரங்களில் ஆண் பருவத்தைக் கடக்காமல் நேரே பெண்ணாகிற மீன்களும் உண்டு. ஆனால் பொதுப்போக்கு தெளிவானது: சிறியவை ஆண்கள், பெரியவை பெண்கள்.

இயற்கை ஏன் இப்படி அமைத்தது என்று கேட்டால், கணக்கு எளிது. விந்துக்கு அதிக இடம் வேண்டாம்; இரண்டு கிலோ ஆணால் ஏராளமான முட்டைகளைக் கருவுறச் செய்ய முடியும். முட்டைக்கு வயிறு வேண்டும். ஐந்தரை கிலோ எடையுள்ள கொடுவாவிடம் 21 லட்சம் முட்டைகளையும், 11 கிலோ மீனிடம் 71 லட்சம் முட்டைகளையும் எண்ணியிருக்கிறார்கள். எடை இரண்டு மடங்கு ஆகும்போது முட்டை மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. உடல் சிறுத்திருக்கும்போது ஆணாகவும் பெருத்த பிறகு பெண்ணாகவும் இருப்பதே இந்த இனத்துக்கு லாபம்.

அப்படியானால் பெரிய மீனை மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? பிடிபடுவது ஏறக்குறைய எல்லாமே தாய்மார்கள். மிஞ்சுகிற ஆண்கள் பெண்ணாக வளர இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். அதற்குள் அவையும் வலையில் விழும். சின்னதையும் பெரியதையும் சேர்த்துப் பிடித்தால் கேடு இன்னும் விரைவாக வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதற்காகவே இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறது. அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைவான கொடுவாவையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த மேல் வரம்பு என்கிற எண்ணம் நம் ஊர்ப் பேச்சில் இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

சந்தையில் கொடுவாவை அடையாளம் காண்பது கடினமில்லை. நெற்றி சற்றே உள்வாங்கிச் சரிந்திருக்கும். வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். வால் பிளவுபடாமல் வட்டமாக முடியும். செவுள் மூடியின் விளிம்பு மிகக் கூர்மை. அசட்டையாகப் பிடித்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். ஆனால் அது ஆணா பெண்ணா என்பதை இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாட்களில் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது அரிது. வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் தராசு காட்டும் எடைதான்.

இது கடல் மீனா, ஆற்று மீனா என்ற கேள்விக்கும் பாதி விடை போதாது. முட்டை பொரிய நல்ல உப்பு நீர் வேண்டும். அதனால் பருவமழையை ஒட்டி, அமாவாசை, பௌர்ணமி நாட்களில், பொழுது சாயும் வேளையில், கழிமுகத்துக்கு அருகே கடல் நீரில் தாய் முட்டையிடுகிறது. அந்த நேரம் கடலேற்றம் உள்ளே பாய்வதால் மிதக்கும் முட்டைகளும் குஞ்சுகளும் முகத்துவாரத்துக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் வளர்வதற்குள் குஞ்சு உப்பங்கழியிலும் அலையாத்திக் காட்டின் வேர் நிழலிலும் இருக்கும். வழி திறந்திருந்தால் வயலுக்கும் ஏரிக்கும்கூட ஏறிவிடும். அங்கே இறாலும் சிறு மீனும் தின்று வளரும். பசித்தால் உடன்பிறப்பையும் விடாது. குஞ்சுகளைச் சில நாட்களுக்கு ஒரு முறை அளவு பார்த்துப் பிரிக்காத தொட்டியில், பாதி விழுங்கிய குஞ்சின் வால் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இன்னொரு குஞ்சு நீந்துவதைப் பார்க்கலாம்.

வளர்ந்த மீன் இனம் பெருக்க உப்பு நீருக்குத் திரும்பியாக வேண்டும். அணைக்கட்டுக்கு மேலே சிக்கிக்கொண்ட கொடுவா நன்றாகக் கொழுக்கலாம். ஆனால் அதனால் இனம் பெருகாது. நன்னீருக்கே வராமல் கடலோரத்திலேயே வாழ்நாளைக் கழிக்கிற கொடுவாக்களும் உண்டு. மீனின் தலைக்குள் காதுக்கல் என்ற சிறு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அது மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காக வளர்வது. கடல் நீரில் வாழ்ந்த காலத்து அடுக்கில் ஸ்ட்ரான்ஷியம் கூடுதலாகப் படியும். அந்தக் கல்லை அறுத்துப் பார்த்துத்தான், ஒரு மீன் எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் படித்தறிந்தார்கள். குயின்ஸ்லாந்தின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆற்றில் நன்னீர் நிறைய வந்த ஆண்டுகளில் பிறந்த கொடுவாக் கூட்டம் வலுவாக இருந்தது.

நமக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. ஆற்றில் தண்ணீர் கடலுக்குப் போனால் "வீணாகிறது" என்கிறோம். அந்தத் தண்ணீர்தான் முகத்துவாரத்து மணலை அறுத்து வழி திறக்கிறது. குஞ்சு வளரும் கழிமுகத்துக்கு ஊட்டம் கொண்டுவருகிறது. பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்துபோவது மீனவர்களின் நெடுநாள் கவலை. வழி அடைபட்டால் படகு போவது மட்டுமா நிற்கிறது? குஞ்சு உள்ளே வருவதும் தாய் வெளியே போவதும் சேர்ந்தே நிற்கின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கானது. கழிமுகத்தில் வாழ்ந்து அதன் வாசலில் முட்டையிடும் மீனை அது மட்டும் காப்பாற்றிவிடாது.

பண்ணையில்தான் வளர்க்கிறோமே, இயற்கையில் வாழும் மீன் குறைந்தால் என்ன என்பது அடுத்த தவறான நம்பிக்கை. 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சோங்க்லாவில் கொடுவாக் குஞ்சு பொரிப்பு கைகூடியது. இந்தியாவில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் அதைச் சாதித்தது. சீர்காழிப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் குஞ்சு உற்பத்தி செய்கிறது. இவை பெருமைப்பட வேண்டிய வேலைகள். ஆனால் பண்ணைக் கொடுவா பெரும்பாலும் ஒரு கிலோ அளவிலேயே, பெண்ணாகும் வயதுக்கு வெகு முன்பே, விற்பனைக்குப் போய்விடுகிறது. தாய் மீனை உருவாக்கப் பல ஆண்டுகள் தீனி போட வேண்டும்; புது ரத்தத்துக்குக் கடலைத்தான் நாட வேண்டும். பண்ணை கடலின் சுமையைக் குறைக்கும், கடலுக்கு மாற்றாகாது.

எட்டு கிலோ கொடுவா வலையில் விழுவது ஒரு மீனவக் குடும்பத்துக்குப் பெரிய வருமானம். அதை விட்டுவிடு என்று கரையில் உட்கார்ந்து உத்தரவிடுவது நியாயமில்லை. மேல் வரம்பு வைப்பதானால் மீனவர்களோடு பேசி, விட்டுவிடும் தாய் மீனுக்கு ஈடு என்ன என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அதுவரை வாங்குகிற நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விருந்துக்கு முழுசாக ஒரு பெரிய கொடுவா வேண்டும் என்று முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்காதீர்கள். ஒன்று, ஒன்றரை கிலோ பண்ணைக் கொடுவாவைக் கேட்டு வாங்குங்கள்.