இலவச இடம் எல்லாம் காப்பகம் ஆகாது



“கூகுளில் இடம் நிரம்பிவிட்டதாம். எதை அழிக்கலாம்?” ஆசிரியர் அறையில் அண்மைக்காலமாக அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அதற்கு அடுத்தபடியாக வருவது, “வேறு எந்த நிறுவனம் அதிக இடம் இலவசமாகத் தருகிறது?” என்பது. இவ்விரண்டு கேள்விகளுமே நம்மைத் தவறான வழிக்கு இட்டுச் செல்கின்றன என்பது என் கருத்து. கோப்புகளையும் படங்களையும் இணையத்தில் காக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: போட்டு வைத்தது, வேண்டும்போது முழுமையாகத் திரும்பக் கிடைக்குமா?

நமக்கு இஃது ஏன் முக்கியம்? 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய ஒரு தமிழ் வகுப்பிலிருந்து மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். இருநூறு ஆண்டுகளைக் கடந்த அந்த வரலாற்றின் பெரும்பகுதி ஆசிரியர்களின் வீடுகளில்தான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பள்ளிகள் இடம் மாறின. பழைய பலகைக் கட்டடத்தின் படமும், முதல் பள்ளி மலரின் கோப்பும், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் கணினியில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். 2014 திசம்பரில் கிழக்குக் கரையிலும், 2021 திசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் படத்தொகுப்பும் கணினியும் வன்தட்டும் ஒன்றாகவே நனையும். ஆகவே வீட்டுக்கு வெளியே ஒரு படி இருந்தே தீரவேண்டும். அதற்கு இணையம் நல்ல வழிதான். ஆயினும் தேர்ந்து கொள்ளத் தெரிய வேண்டும்.

இலவசம் நிலையன்று

கூகுள் போட்டோஸ் ஒரு காலத்தில் வரம்பின்றி இடம் தந்தது. 2021 சூன் 1ஆம் நாள் அந்தச் சலுகை முடிந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் கோப்புகளும் படங்களும் பங்கிட்டுக் கொள்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் வாட்சாப் புலனத்தின் காப்புப்படியும் அதே இடத்தைத்தான் பிடித்துக் கொள்கிறது. ஒரு படம் 3 எம்பி என்று கொண்டால், 15 ஜிபியில் ஏறத்தாழ 5,000 படங்களே அடங்கும். நம் புலனக்குழுக்களுக்கு அது சில மாதங்களுக்கே காணும்!

பிளிக்கர் 2019இல் இலவசக் கணக்குகளை 1,000 படங்களுக்குள் சுருக்கியது. கிராஷ்பிளான் 2018இல் வீட்டுப் பயனர்களுக்கான சேவையை நிறுத்தியது. அமேசான் டிரைவ் 2023ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. இந்நிறுவனங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வணிகம் செய்பவர் தம் கணக்கைப் பார்க்கிறார். நாம் நம் கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டணச் சேவையும் மூடப்படலாம் என்பதைக் கிராஷ்பிளான் காட்டிவிட்டது.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

பலரும் குழப்பிக் கொள்ளும் இடம் இதுதான். கூகுள் டிரைவ், ஐகிளவுட், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவை பெரும்பாலும் ஒத்திசைவு முறையில் இயங்குகின்றன. அது கண்ணாடியில் தெரியும் உருவம் போன்றது. நாம் விலகினால் உருவமும் விலகும். இடம் போதவில்லை என்று திறன்பேசியில் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ளதும் அழிந்து குப்பைத்தொட்டிக்குச் செல்லக்கூடும். கூகுள் போட்டோஸில் காக்கப்பட்ட படம் அங்கே 60 நாள்கள் இருக்கும். ஐகிளவுட்டில் ஏறத்தாழ 30 நாள்கள். அதன்பின் மீட்க வழியில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் கணினிக்குள் புகுந்தாலும் இதே நிலைதான். பூட்டப்பட்ட கோப்பே இணையத்துக்கும் ஏறிவிடும்.

பேக்பிளேஸ், ஐடிரைவ் போன்றவை காப்புக்கென்றே அமைந்த சேவைகள். இவை கணினியில் உள்ளவற்றைப் படியெடுத்துப் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கின்றன. எத்தனை நாள், எத்தனை பதிப்பு என்பது திட்டத்திற்குத் திட்டம் மாறுபடும். வெளிப்புற வன்தட்டைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் மீண்டும் இணைக்காவிட்டால் அதன் படியை நீக்கிவிடும் திட்டங்களும் உண்டு. பணம் கட்டுமுன் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. படம் மூலத் தரத்தில் காக்கப்படுகிறதா? இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பில் படம் சுருக்கப்படும். புலனத்தில் வழக்கமான முறையில் அனுப்பும் படமும் சுருங்கியே சேரும். பள்ளி மலரில் அச்சிடும்போதுதான் அதன் குறை தெரியும்.

2. மொத்தமாகத் திரும்பப் பெற முடியுமா? ‘கூகுள் டேக்அவுட்’ போன்ற வசதி இருக்கிறதா? 200 ஜிபி கோப்புகளை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். அதே வேகத்தில் இறக்கவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படமாகத்தான் இறக்க முடியும் என்றால் அந்தச் சேவை நமக்கு உதவாது.

3. திறவுகோல் யாரிடம் உள்ளது? சில சேவைகளில் நிறுவனமே திறந்து பார்க்க முடியாதபடி கோப்புகளை மறையாக்கம் செய்யலாம். ஆனால் திறவுச்சொல்லை நாம் மறந்தால் மீட்டுத்தர எவருமில்லை. நம் தொகுப்பில் மாணவர்களின் முகங்கள் உள்ளன. ஆகவே இரண்டு படிநிலைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை மூடி வைக்க வேண்டும்.

4. கணக்கு யாருடையது? நானறிந்த மூத்த ஆசிரியை ஒருவர், பணிக்காகக் கொடுக்கப்பட்ட கணக்கிலேயே எல்லாப் படங்களையும் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற பின் கணக்கு மூடப்பட்டது, படங்களும் போயின. பணிக்கணக்கு பணிக்குரியது. சொந்தப் படங்களுக்குச் சொந்தக் கணக்கே வேண்டும்.

5. நமக்குப் பின் என்ன ஆகும்? இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும். 2023 திசம்பரில் அப்பணி தொடங்கியது. செயலற்ற கணக்கு நிருவாகி என்னும் வசதியில் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் குறித்து வைக்கலாம். ஆப்பிளும் 2021 இறுதியில் இத்தகைய வசதியைக் கொண்டுவந்தது. கணவரோ மனைவியோ பிள்ளையோ, ஒருவரது பெயரை இன்றே குறித்து வைப்பது நல்லது.

ஒன்றை மட்டும் நம்பலாகாது

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத் தரவு மையம் ஒன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற அமைப்பு அழிந்தது. 858 டெராபைட் தரவு, வேறிடத்தில் படியில்லை. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனிமேகம் (private cloud) ஓர் அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. வேறு படிகளும் வைத்திருந்ததால் அந்நிதியம் மீண்டு வந்தது. பெரிய நிறுவனம் என்பது ஒரு காப்பாகாது; இன்னொரு படிதான் காப்பு.

படத்துறையினர் 3-2-1 என்றொரு விதியைச் சொல்வர். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில். கணினியில் ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைத்துக் கொண்டால் போதும்.

“மாதந்தோறும் இதற்கும் ரிங்கிட் கட்ட வேண்டுமா?” என்று கேட்பவர்களின் நிலையும் எனக்குப் புரிகிறது. கட்டண வசதி இல்லாதவர் இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை உடன்பிறந்தார் வீட்டில் வைக்கலாம். மிக முக்கியமானவற்றை மட்டும் இலவச 15 ஜிபியில் ஏற்றலாம். ஒரே விளையாட்டுப் போட்டியின் நாற்பது படங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்தால் இடமும் மிச்சம். பின்னாளில் தேடுவோர்க்கும் எளிது. எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, யார் யார் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தால் இன்னும் சிறப்பு.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய படம் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் திறன்பேசியைத் தொடாமல், வேறொரு கணினியிலிருந்து அதை மூலத் தரத்தில் இறக்க முயலுங்கள். அரை மணி நேரத்தில் கிடைத்தால் உங்கள் ஏற்பாடு சரியானது. கிடைக்காவிட்டால், எதையும் அழிக்காமல், முதலில் இரண்டாவது படியை எடுத்து வையுங்கள்.