வெட்சியைப் பூக்க விடுங்கள்

சென்னையில் புதிதாக எழும்பிய எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும், வாசலோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வரிசை நிற்கிறது. தலையை மட்டப்பலகை வைத்ததுபோல் வெட்டியிருப்பார்கள். இட்லிப்பூச் செடி என்றால் எல்லோருக்கும் தெரியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஒன்றாகவும், ஆநிரை கவரும் திணைக்குத் தொல்காப்பியம் சூட்டிய பெயராகவும் நாம் படித்த வெட்சியும் இந்த இனம்தான் என்றால் பலரும் வியக்கிறார்கள்.

தென்னிந்தியாவும் இலங்கையும் செவ்வெட்சியின் சொந்த மண். 1753இல் லின்னேயஸ் அதற்கு ‘இக்சோரா கொக்கினியா’ என்று பெயரிட்டார். ஈசுவரன் என்ற சொல்லின் திரிபே இக்சோரா. ஆனால், நர்சரியில் ‘இக்சோரா’ என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் சீன வெட்சியோ, கலப்பினக் குட்டை ரகமோதான். தோட்ட ரகங்களே கூடாது என்பதல்ல என் வாதம். செவ்வெட்சியிலேயே மஞ்சள் பூக்கும் ரகம் உண்டு. இடம் சிறியதென்றால் அடக்கமாக வளர்வதைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறில்லை. எது உள்ளூர்ச் செடி, எது வெளியூர்ச் செடி என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அதுதான் குறை.

ஒரு பூவைக் கொத்திலிருந்து கிள்ளிப் பாருங்கள். நான்கு இதழ், அதன்கீழ் ஊசிபோல் மெலிந்த நீண்ட குழல். நடுவிலுள்ள நூலை மெல்ல உருவினால் அதன் நுனியில் ஒரு துளித் தேன் ஒட்டிக்கொண்டு வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதை உறிஞ்சாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. அத்தனை ஆழத்திலிருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது இருக்கிறது. அவற்றில் ஒன்றான கறிவேப்பிலை அழகியின் புழு கறிவேப்பிலையைத் தின்று வளர்கிறது. சிறகு முளைத்ததும் வெட்சிக்கு வருகிறது. கொல்லையில் இரண்டும் இருந்தால் அதன் வாழ்க்கைக்கு அதுவே போதும். பூ உதிர்ந்தபின் சிவந்து பழுக்கும் சிறு கனிகள் கொண்டைக்குருவிகளுக்கு.

“வைத்தேன், மஞ்சளாகிப் போய்விட்டது” என்பதுதான் அடிக்கடி கேட்கும் புலம்பல். எங்கள் வீட்டு மதிலோரமும் அப்படித்தான் ஆயிற்று. தளிர் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. உரக்குறை என்று யூரியா போட்டேன், பயனில்லை. வெட்சிக்குப் பிடித்தது லேசான புளிப்பு மண். மதில் பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பும், கடினமான போர் தண்ணீரும் மண்ணைக் காரமாக்கிவிட்டால், இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. செடியை மதிலைவிட்டு இரண்டடி தள்ளி வையுங்கள். குழியில் செம்மண்ணும் மக்கிய இலையும் நிறையச் சேருங்கள். முடிந்தபோதெல்லாம் மழைநீர் ஊற்றுங்கள். வெளுத்த செடிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். எங்கள் செடியில் அடுத்து வந்த தளிர்கள் பச்சையாகவே விரிந்தன. மண் மாறாவிட்டால் வெளுப்பு திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெட்சியின் மொட்டு கிளை நுனியில்தான் கட்டும். மாதந்தோறும் கத்தரி வைத்தால் மொட்டைத்தான் வெட்டுகிறோம். ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் ஒருமுறை கவாத்து செய்தால் போதும்.

மாநகராட்சிப் பூங்காக்களும் தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளும் செவ்வெட்சியைப் பதியன் போட்டு, தமிழ்ப் பெயர் எழுதிய அட்டையோடு விற்க வேண்டும். அதுவரை, அடுத்தமுறை நர்சரிக்குப் போகும்போது ‘நாட்டு வெட்சி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாமவருக்கு அவர்கள் வைத்திருப்பார்கள்.