குதிரைச் சக்தியும் குருட்டு நம்பிக்கையும்

ஆழக் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லையென்றால், "இன்னும் பெரிய மோட்டார் வாங்கி மேலே வை" என்று குடியானவனுக்குப் புத்தி சொல்லுகிறவர்களைக் கேட்கின்றோம்: தண்ணீரை மேலே இழுப்பது மோட்டாரா? அல்லவே அல்ல!

"இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது" என்றே பண்டிதர்கள் வெகுகாலம் சாதித்தார்கள். வெளிக்காற்றின் பாரமே திரவத்தைக் குழாயில் ஏற்றுகிறது என்று 1644-ல் இத்தாலியரான டாரிச்செல்லி எழுதினார். அந்தப் பாரம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோதான். ஆகவே உறிஞ்சு பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் இழுக்காது, ஆயிரம் குதிரைச் சக்தியைப் பூட்டினாலும் சரியே! நடைமுறையில் 7 மீட்டரே பெரிது.

கீழிருந்து தள்ளினாலோ சங்கதி வேறு. தள்ளும் பலத்துக்கு எல்லை, உருளையின் எஃகு எவ்வளவு தாங்கும் என்பதே. எண்ணெய் ஜாக்கி சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேலும் தாங்குகிறது.

ஆகையால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்குங்கள். அளந்து சொல்லாதவன் பேச்சுக்குப் பணம் கொடாதீர்கள்.