ஒத்தவரோடு ஓட்டம்

போட்டி என்று ஒன்று நிகழுமிடத்தில் நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா, வென்றவர் யார் என்பதன்று. யாரோடு யார் பொருதினர் என்பதேயாகும். குத்துச்சண்டை வீரரை நிறை பார்த்துப் பிரிக்கின்றோம். பாடசாலை ஓட்டப் போட்டியிற் பிள்ளைகளை வயது பார்த்துப் பிரிக்கின்றோம். ஆனால், போட்டியிடுவது மனிதரின் கால்களல்ல, அவர் கைப்பணத்தால் வாங்கிய இயந்திரம் என்றால், எதைப் பார்த்துப் பிரிப்பது? இவ்வினாவோடு நெடுங்காலமாக மல்லாடி வருவோர், மின்சாரத்தில் ஓடும் றேடியோக் கட்டுப்பாட்டுக் கார்களைப் பந்தயம் விடும் கழகத்தார். அவர்தம் அநுபவத்தை இவ்வாரம் சிந்திப்போம்.

விளையாட்டுக் கார்தானே என்று எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவிற் பல கழகங்கள், மாலையிற் பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கம்பளம் விரித்துத் தடம் அமைத்துப் பந்தயம் நடத்துகின்றன. பந்தயக்காரர் கையில் அலைபரப்பியுடன் வரிசையாக நிற்பர். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவினதாகிய வண்டி, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். யப்பானின் தமியா நிறுவனம் தன் முதலாவது றேடியோக் காரைப் போர்ஷே 934 இன் உருவில் 1976 இல் வெளியிட்டது. 1985 இல் கலிபோர்ணியாவின் டெல் மாரில், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மண்தட மின்கார்களுக்கு முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. அன்றே பிரிவுகள் இரண்டு இருந்தன. பின் சில்லுகள் இரண்டு மட்டும் உந்தும் வண்டிக்கு ஒன்று; நான்கு சில்லுகளும் உந்தும் வண்டிக்கு ஒன்று. நான்கும் உந்தும் வண்டி மண்ணை இறுகப் பற்றும். மற்றையது வளைவிற் சறுக்கும். இரண்டையும் ஒன்றாக விடுவது நியாயமன்று என்பது எவர்க்கும் விளங்கும்.

கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையைப் பிரிப்பது எளிது. தெரியாத வேற்றுமை மோட்டரினுள்ளே இருக்கின்றது. மோட்டரிற் சுற்றிய கம்பியின் சுற்றுகள் குறையக் குறைய அதன் சுழற்சி வேகம் மிகும். ஆகவே கழகத்தார், இப்பிரிவில் 17.5 சுற்று மோட்டர், அப்பிரிவில் 13.5 சுற்று மோட்டர் என விதித்துள்ளனர். எதுவும் பூட்டலாம் என்னும் பிரிவும் உண்டு, அது கைதேர்ந்தார்க்குரியது. மோட்டரை ஒன்றாக்கினாற் போதாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக அதனை மேலும் முடுக்கிவிடலாம். அதனைத் தடுக்க, முடுக்கம் இல்லாத நிலையில் அக்கருவியில் ஒரு சிறு விளக்குச் சிமிட்டவேண்டும் என விதி செய்தனர். பரிசோதகர் குனிந்து பார்த்தால் வாய்மை தெரிந்துவிடும். மின்கலங்களும் அவ்வாறே. முன்னர் நிக்கல் கட்மியக் கலம் ஆறு சேர்த்து 7.2 வோல்ற், இன்று லிதியம் பொலிமர்க் கலம் இரண்டு சேர்த்து 7.4 வோல்ற்.

விதி இவ்வளவு இறுகியபின் பணத்தின் ஆட்சி ஒழிந்திருக்கும் என்று எண்ணுவோம். அங்கேதான் மனித மனத்தின் விந்தை! கட்டுப்பாடுள்ள பிரிவிற் பெரிய வேற்றுமைக்கு இடமில்லை. ஆதலால் மயிரிழை வேற்றுமைக்குப் பொருள் கொட்டுவோர் தோன்றுகின்றனர். ஒரே வகை மோட்டரில் நாலைந்து வாங்கி, அளந்து, மிக விரைந்ததை மட்டும் வைத்துக்கொள்வர். உராய்வு குறைந்த குண்டுத்தாங்கி, புதிய மின்கலம் எனச் செலவு வளரும். எளியவர்க்கென வகுத்த பிரிவு இவ்வாறு செலவுமிக்க பிரிவாகிவிடுகின்றது. இதனைக் கண்ட கழகங்கள் சில, ஒரே வண்டி, ஒரே மலிவு மோட்டர், ஒரே ரயர், ஒரே பற்சில்லு விகிதம் என ஒரு பிரிவை வகுத்து, வெற்றியைக் கைக்கும் கண்ணுக்கும் விட்டுவிட்டன. புதியவர்கள் அங்கேதான் மகிழ்ச்சியோடு நிலைக்கின்றனர்.

அப்படியாயின் பிரிவுகளைப் பெருக்கிக்கொண்டே போகலாமே எனின், அதுவும் கேடே. இருபது பேர் உள்ள கழகத்தில் ஏழு பிரிவு வகுத்தால், ஒரு பிரிவுக்கு மூவர் தேறுவர். மூவரில் மூன்றாமவனாக வருவது பரிசா, தோல்வியா? தத்தம் வண்டிக்கென ஒவ்வொருவரும் ஒரு பிரிவு கேட்க, ஈற்றில் எல்லாரும் வெற்றிபெற்று, போட்டி மட்டும் இறந்துபோகும். நீதிக்காகப் பிரிக்கவேண்டும், கூடி வாழ்வதற்காகப் பிரிவைக் குறைக்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஒரு கழகத்தின் அறிவுடைமை.

இயந்திரத்தைப் பிரித்தபின் மனிதரையும் ஓர் ஒழுங்கில் நிறுத்துகின்றனர். முதற் சுற்றுகளில், பெரும்பாலும் 5 நிமிடத்தில், எத்தனை முறை தடத்தைச் சுற்றினர் என்று கணக்கிட்டு, முன்னின்றோரை ஏ இறுதியிலும், அடுத்தோரைப் பீ இறுதியிலும், பின்னும் உள்ளோரைச் சீ இறுதியிலும் ஓடவிடுகின்றனர். இதனாற் கடைசி நிலையிலுள்ள சிறுவனுக்கும் தன்னை ஒத்தவனோடு மல்லுக்கட்டும் வாய்ப்புக் கிட்டுகின்றது. எட்டாத முதல்வனைப் பார்த்து ஏங்குவதிலும், எட்டக்கூடிய அயலவனை முந்துவதிலன்றோ ஊக்கம் பிறக்கின்றது! வகுப்பறையிலும் நாம் காண்பது இதுவே.

இவை எல்லாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்ந்த வழக்கம் ஒன்றுண்டு. ஓடி முடித்தவர் உடனே வீட்டுக்குச் செல்வதில்லை. அடுத்த பந்தயத்தின்போது தடத்தோரத்தில் நின்று, கவிழ்ந்த வண்டிகளை ஓடிச்சென்று நிமிர்த்தி விடவேண்டும். வென்றவனும் நிற்பான், தோற்றவனும் நிற்பான். தன் போட்டியாளனின் வண்டியையும் அவன் தயங்காது நிமிர்த்துவான். சற்று முன் தன் வண்டியை நிமிர்த்தியவரும் இன்னொரு பந்தயக்காரரே என்பதை அவன் அறிவான். சட்டப் புத்தகம் எவ்வளவு தடித்திருப்பினும், இந்த ஒரு பணி இல்லையேற் பந்தயம் ஐந்து நிமிடமும் நடவாது.

பிள்ளைக்கு இத்தகைய கார் வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றார்க்கு ஒரு சொல். கடைக்குச் செல்லுமுன் கழகத்துக்குச் செல்லுங்கள். அங்கே பெரும்பாலோர் எப்பிரிவில் ஓடுகின்றனர் என்று பாருங்கள். அப்பிரிவுக்குரிய வண்டியையே வாங்குங்கள். மிக விரைந்த வண்டியைத் தனியே வைத்திருக்கும் பிள்ளை, விரைவில் அதனைப் பெட்டியிற் போட்டு மூடிவிடும். எளிய வண்டியோடு ஒத்தார் பலரைப் பெற்ற பிள்ளையோ, தோற்கக் கற்கும், நிமிர்த்தக் கற்கும், பின்னர் வெல்லவும் கற்கும்.