டேலி தெரியுமா என்று கேளுங்கள், தெருவைக் கேட்காதீர்கள்

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொல்கிறான்.

"அட, அங்க நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே! ஊர்ல எந்தத் தெரு? கோயில் பக்கமா, ரோட்டுக்கு அந்தாண்டையா?"

இது சம்பந்தம் பேசப் போன இடமல்ல. கணக்கு எழுதும் வேலைக்கான நேர்முகத் தேர்வு. எங்கள் மாலைநேர மையத்தில் படித்து பி.காம். முடித்த தம்பிக்குப் போன மாதம் நடந்தது. டேலி பற்றி ஒரு கேள்வி, தெருவைப் பற்றி மூன்று. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சகஜமாப் பேசறதுக்குக் கேக்கறது. இதுல எங்கங்க சாதி வந்துச்சு?" தோழர்களே, தமிழ்நாட்டில் சாதி இப்படித்தான் வரும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டினோம். நல்லது. ஆனால் வாலைத் தேடும் பழக்கத்தை யாரும் வெட்டவில்லை. பெயரில் கிடைக்காததைத் தெருவில் தேடுகிறார்கள், குலதெய்வத்தில் தேடுகிறார்கள், "நீங்க வெஜ்ஜா?" என்பதில் தேடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகூடத் தேவையில்லை. மாற்றுச் சான்றிதழிலேயே 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்று இருக்கிறது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் இத்தகைய சொற்களை நீக்கச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது சும்மா இல்லை.

நாங்கள் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்த இரண்டு கட்டுரைகளைப் படிக்கட்டும். சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்று, பெயர் மட்டும் வேறு. அழைப்பு வருவதற்கான வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இன்னொன்று, சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதியது. அந்த மேலாளர்கள் 'தகுதிதான் எல்லாம்' என்றார்கள். அதே வாயால், குடும்பப் பின்னணியைக் கேட்காமல் ஆளெடுக்க முடியாது என்றார்கள்.

அப்பாவின் தொழில் எப்போது மகனின் தகுதியானது?

அரசியலமைப்பின் 16(2)ஆம் கூறை எடுத்துப் பாருங்கள். அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால் அடிப்படையில் மட்டுமல்ல, வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அப்பா யார், எந்த ஊர், எந்தத் தெரு. அந்தத் தம்பியிடம் கேட்ட கேள்விகள் அப்படியே அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அது அரசு வேலைக்கு மட்டும். தீண்டாமையின் பெயரால் வேலையைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். வராத போன் காலை வைத்து எந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவது?

தனியாரைச் சட்டம் தொட முடியாது என்பதும் பொய். ஆளெடுப்பில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1976இலேயே சம ஊதியச் சட்டம் தனியாருக்கும் சேர்த்துச் சொன்னது. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு 2017இலும் திருநர்களுக்கு 2019இலும் வந்த சட்டங்கள் தனியாரையும் கட்டுப்படுத்துகின்றன. சாதி என்றதும் மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். ஐந்தாறு வருடங்களாக மாதிரி நேர்காணல் நடத்துகிறோம். "ஊர் கேட்டா டவுன் பேரச் சொல்லு, அப்பா பத்திக் கேட்டா பிசினஸ்னு சொல்லு" என்று நாங்களே சொல்லிக் கொடுத்தோம். பேரூராட்சியில் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஒருவரின் மகள் அப்படியே சொன்னாள். வேலையும் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள்: "அக்கா, எங்கப்பா காசுலதான் படிச்சேன். அவர இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அன்றோடு அந்தப் பயிற்சியை நிறுத்தினோம். கேட்பவன் திருந்த வேண்டிய இடத்தில் பதில் சொல்பவளைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் ஆளெடுக்க உட்கார்ந்தபோது, களப்பணிக்கு வந்த பெண்ணிடம் "கல்யாணம் எப்போ?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தோம். சமூக நீதி பேசும் அலுவலகம்தான் அது.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். கேள்விகளை முன்கூட்டியே எழுதுகிறோம். வருகிற எல்லோரிடமும் அதையே கேட்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இந்த வேலைக்கு இந்தப் பதில் எதற்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத கேள்வி கிழிக்கப்படும். அப்பா பெயர், முகவரி, பள்ளிப் பெயர் எல்லாம் தேர்வு முடிந்த பிறகுதான். இரவு நேர வேலையா, வர முடியுமா என்று கேளுங்கள், அது வேலை சார்ந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அல்ல.

கல்லூரியில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பருவத்தில் வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வரும். அதற்கு முன்பே பிளேஸ்மென்ட் அலுவலரிடம் நான்கைந்து பேராகப் போய், ஊர், தெரு, அப்பா தொழில், திருமணம், உணவு பற்றிக் கேட்க மாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நேர்காணல் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று அன்றே தேதி போட்டுக் குறித்து வையுங்கள், எந்த நிறுவனம் என்பதோடு.