இசைத்தட்டும் ஒரு வாத்தியமே!

இசைக்கு உருகாத உள்ளம் உண்டோ? அழுகின்ற குழந்தையும் தாலாட்டுக்கு அடங்குகிறது. ஆனால் "எந்த இசை?" என்று கேட்டுவிட்டால் வீட்டுக்கு வீடு வழக்குத்தான்! தாத்தாவுக்கு நாகசுரம், அப்பாவுக்குப் பழைய திரைப்பாடல், அண்ணனுக்கோ மேனாட்டுத் தாளம். அண்மைக் காலமாக இந்த வழக்கில் 'டி.ஜே.' என்பவரும் சேர்ந்துகொண்டார். சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து விந்தையான ஒலி எழுப்புபவர் அவர். கித்தார், ட்ரம்பெட், கொங்கா மேளம் ஆகியவற்றோடு அவரையும் மேடையேற்றி, எழுதி வைத்துக்கொள்ளாமல் அந்த நேரத்துக் கற்பனையிலேயே வாசிக்கும் குழுக்கள் மேனாடுகளில் உள்ளன. "இதுவும் ஓர் இசையா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இசைதான் என்பது என் கருத்து. அதற்குக் காரணங்களைச் சொல்லி, ஒரு வேண்டுகோளையும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இவ்வகை இசையை 'லத்தீன் ஃபங்க்' என்பார்கள். லத்தீன் என்றதும் தோழியர் பழைய பூசை மொழியை நினைத்துக்கொள்ள வேண்டாம்! கியூபா, பிரேசில் முதலிய நாடுகளின் இசையையே அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் மேளமும் ஐரோப்பியரின் கித்தாரும் கூடிப் பிறந்த இசை அது. ஃபங்க் என்பது 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே எழுந்தது. ஜேம்ஸ் பிரவுன் என்ற பாடகர், தாள வட்டத்தின் முதல் அடியை அழுத்தி ஒலிக்கச் செய்து அதற்கு உருவம் கொடுத்தார். நம் வித்துவான்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து சேர்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு வாத்தியமான கதை இன்னும் சுவையானது. அதைத் தொடங்கி வைத்தவள் ஒரு பள்ளி மாணவி! நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று ஒரு நடன விழா நடத்தினாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் உற்சாகமாக ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். எனவே ஒரே தட்டின் இரண்டு படிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்று முடியும்போது மற்றொன்றைத் தொடங்கி, அந்தத் தாளத்தை நீட்டிக்கொண்டே போனார். சில ஆண்டுகளில் தியடோர் என்ற சிறுவன் வீட்டில் உரக்கப் பாட்டு வைத்திருந்தபோது தாயார் வந்து கடிந்துகொண்டார். அவன் சுழலும் தட்டைக் கையால் பிடித்து அசைத்தபடியே அவர் சொன்னதைக் கேட்டான். அந்த ஒலி அவனுக்குப் பிடித்துவிட்டது. தேய்த்து வாசிக்கும் முறை அப்படித்தான் பிறந்தது!

பிறகு இசைத்தட்டு மற்ற வாத்தியங்களோடு ஒன்றாக அமர்ந்தது. 1995ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய 'ஒசோமாட்லி' குழுவில் லத்தீன் தாளமும் ஃபங்கும் இசைத்தட்டும் கூடின. நம் நாட்டுத் தபேலாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இது புதுமையா? நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பாருங்கள், கல் பாடும். வேட்டைக்குரிய வில்லில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் அடித்து, தண்ணீர்க் குடத்தைத் தாள வாத்தியமாக்கி, வில்லுப்பாட்டு என்ற கலையை வளர்த்ததும் தென்பாண்டி மண்தான். அதில் புலவர் கூட்டத்தைப் பார்த்துக் கதையை நீட்டுவார், சுருக்குவார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுத் தொடர்வார். கல்லும் வில்லும் குடமும் வாத்தியமாகலாம் என்றால் இசைத்தட்டு ஆகக் கூடாதா?

நம் மண்ணில் பிறந்த பெரும் கலைஞர் ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே உள்ளது காருகுறிச்சி. அவ்வூர் அருளிய நாகசுர மேதை அருணாசலம் (1921–1964) ராக ஆலாபனையில் கற்பனை வெள்ளத்தைப் பெருக்கியவர். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகசுரம் இணைந்தது; இசைத்தட்டில் ஏறி ஊர் ஊராக ஒலித்தது. 43ஆம் வயதுக்குள் மறைந்த அவருடைய வாசிப்பை நாம் இன்றும் கேட்கிறோம் என்றால் அதற்கு இசைத்தட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே இயந்திரம் பகையன்று, கலப்பும் குற்றமன்று. பிறகு எதற்கு நாம் அஞ்ச வேண்டும்? இயந்திரத்தை மனிதர் வாசித்தால் அது வாத்தியம். வாசிப்பவரை வெளியே அனுப்பிவிட்டு இயந்திரம் மட்டும் ஒலித்தால் அதுதான் இழப்பு. கலியாண வீட்டில் ஒலிபெருக்கி வந்ததும் மேளக்காரருக்கு வேலை குறைந்தது. கொடை விழாக்களில் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு என்று முழங்கும் நையாண்டி மேளக் கலைஞர்கள், தம் பிள்ளைகளுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுக்கத் தயங்கினால் அவர்களைக் குறை கூற முடியுமா?

பள்ளி விழாக்களையே பாருங்கள். பென்டிரைவில் பாட்டு ஓடுகிறது, மாணவியர் ஆடுகின்றனர். ஒருத்தி தடுமாறினால் பாட்டு அவளுக்காக நிற்பதில்லை. அருகில் ஒருவர் மிருதங்கம் வாசித்தால் என்ன செய்வார்? அவள் காலைப் பார்த்து, ஒரு சுற்று கூடுதலாக வாசித்து, அவளையும் சேர்த்துக்கொள்வார். பிறருக்குச் செவி கொடுப்பது, விட்டுக் கொடுப்பது, தன் முறை வரும்போது துணிந்து வாசிப்பது ஆகிய பண்புகளைக் கூடி வாசிக்கும் இசை கற்றுத்தருகிறது. இவை பாடப் புத்தகத்தால் மட்டும் வந்துவிடுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் அல்லவா?

"பெண்பிள்ளைக்கு மேளமா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1970களில் 'சக்தி' குழுவில் மேனாட்டுக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாலினோடு கடம் வாசித்து உலகப் புகழ் பெற்றவர் விக்கு விநாயக்ராம். சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விரும்பியபோது, பெண்ணின் விரல்களுக்கு அது கடினமாயிற்றே என்று அவரே தயங்கினார். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா ஊக்கம் அளித்தார். சுகன்யா விடாமுயற்சியோடு கற்று, கடக் கலைஞராக உயர்ந்து, பெண்களைக் கொண்டே ஓர் இசைக்குழுவையும் அமைத்தார். நம் நெல்லைச் சீமை தந்த வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். அவருடைய மகள் பாரதி திருமகனும் வில்லெடுத்துப் பாடுகிறார்.

"தேர்வு இருக்கிறதே!" என்று பெற்றோர் கவலைப்படுவதும் நியாயமே. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். தொலைபேசித் திரையில் நாள்தோறும் கழியும் நேரத்தைவிட அது குறைவுதான்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சியேனும் மாணவியரே வாசிக்கும் இசைக்கு நடக்கட்டும். நம் மாவட்டத்து மேளக் கலைஞர் ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் தந்து, கற்றுக்கொள்வோம். தவிலும் கடமும் கீபோர்டும் கூடட்டும். இசைத்தட்டு வாசிக்க வல்ல தோழி இருந்தால் அவளும் அமரட்டும். மற்றவர் வாசிப்பதைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அருட்சகோதரியர் இசைவு தரவேண்டும். பெற்றோர் ஊக்கம் தரவேண்டும். தோழியரே, நாம் உழைக்க வேண்டும்!