மீன்கொத்திச் சிறகுள்ள கிழவர்
உளவியலாளர் கார்ல் யுங்கின் 'சிவப்புப் புத்தகம்' மறுபடி கைக்கு வந்தது. அவர் 1961இல் மறைந்து 48 ஆண்டுகள் கழித்தே அச்சேறிய புத்தகம். அதைப் படிப்பதைவிட, அவர் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு அதிகம். அதிலும் ஃபிலேமோன் என்ற கிழவரின் படத்தைக் கடந்து போக முடிவதில்லை. யுங்கின் கனவில் மீன்கொத்திச் சிறகோடு பறந்து வந்தவர் அவர். அதை வரைந்துகொண்டிருந்த நாட்களில் தோட்டத்தில் ஒரு மீன்கொத்தி செத்துக் கிடந்ததாம். சூரிச் பக்கம் அபூர்வமான பறவை. எனக்கு அந்தத் தற்செயலைவிடப் பெரிதாகத் தெரிவது, அதே தோட்டத்தில் அந்தக் கிழவரோடு பேசியபடி யுங் உலாவியதுதான். மனதில் எழுவதெல்லாம் நாம் உண்டாக்கியதல்ல என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். எனக்கும் அப்படி ஒன்று நேர்ந்தது: போன வாரம் நண்பர் வீட்டில் இரண்டாவது தோசை வைக்க வந்தார்கள். பசி இருந்தது. ஆனாலும் கை தானாகத் தட்டை மறைத்தது, வாய் "போதும், போதும்" என்றது. அது என் குரலே அல்ல. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துக்கொண்டு உட்காரும் அப்பத்தாவின் குரல். பிறர் வீட்டில் வயிறாரச் சாப்பிடக் கூடாது என்று அவர் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை; சொல்லாமலே உள்ளே குடியேறியிருக்கிறது. எல்லார் மனதிலும் உறையும் அன்னை என்ற ஆதிப்படிமத்தைப் பற்றி யுங் எழுதியதெல்லாம், எனக்கு அந்தச் சட்டியின் ஓசையாகத்தான் கேட்கிறது. அப்பத்தாவை விரட்ட மனமில்லை. அன்றிரவு மொட்டை மாடியில் நடந்தபடி கேட்டேன்: "நீ சாப்பிட்டியா, அப்பத்தா?"